இந்தியாவில் ‘ஃபாரஸ்ட் ஆபீசர்’ வேலை எப்படி உருவானது? வனவியல் படிக்காமலே அந்தப் படிப்பைத் தொடங்கிவைத்த டீட்ரிக் பிராண்டிஸின் கதை

யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வில் முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என எல்லாம் முடிந்தாலும் இன்னொரு சோதனை பாக்கி இருக்கும். ஆண்கள் நாலு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெண்களுக்கு அதே நாலு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர். ஐஏஎஸ் தேர்வில் இப்படி ஒரு நடை கிடையாது. காட்டை நடந்து பார்த்துதான் நிர்வகிக்க முடியும் என்ற எண்ணம் இந்த வேலையோடு ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆரம்பம் 1856-ல், பர்மாவின் தேக்குக் காட்டில். அங்கே யானை மேல் உட்கார்ந்து மரங்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மானியர்தான் பின்னாளில் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் ஆனார். டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியதும், இன்று ஊருக்கு ஊர் பலகையில் நாம் பார்க்கும் ‘காப்புக்காடு’ என்ற ஏற்பாட்டுக்கு வடிவம் கொடுத்ததும் அவர் காலத்தில்தான். பெயர் டீட்ரிக் பிராண்டிஸ். வனவியல் மாணவர்களுக்கு இந்தப் பெயர் பாடப் புத்தகத்தில் ஒரு சூத்திரமாக வரும். மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னன்னா, அவர் வனவியல் படித்தவர் இல்லை.

தத்துவப் பேராசிரியரின் மகன்

பிராண்டிஸ் பிறந்தது 1824 மார்ச் 31-ல், ஜெர்மனியின் பான் நகரில். அப்பா கிறிஸ்டியன் ஆகஸ்ட் பிராண்டிஸ் கிரேக்கத் தத்துவ வரலாற்றில் பெரிய ஆள். 1837-ல் கிரேக்க நாட்டு மன்னர் ஓட்டோவுக்கு ஆலோசகராகப் போனபோது குடும்பத்தையும் ஏதென்ஸுக்குக் கூட்டிப் போனார். பதின்மூன்று வயதுப் பையனுக்குச் செடி, கொடி மேல் ஆர்வம் வந்தது அங்கேதான்.

திரும்பி வந்து கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் பல்கலைக்கழகங்களில் படித்தார். 1849-ல் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளர் ஆனார். அப்படியே விட்டிருந்தால் ஜெர்மன் கல்லூரி ஒன்றில் பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார்.

திருப்பம் கல்யாணத்தில் வந்தது. 1854-ல் ரேச்சல் என்ற பெண்ணை மணந்தார். வங்காளத்தின் செராம்பூரில் மிஷனரியாக இருந்த ஜோஷுவா மார்ஷ்மேனின் மகள் அவர். முதல் கணவர் வோய்க்ட், கல்கத்தா பக்கத்துச் செடிகளை ஆராய்ந்த டேனிஷ் மருத்துவர், தாவரவியலாளர், அவர் இறந்துவிட்டிருந்தார். ரேச்சலின் சகோதரியை மணந்தவர் ஹென்றி ஹாவ்லாக், ஆங்கிலேய ராணுவத்தில் பெரிய பெயர். இந்தக் குடும்பத் தொடர்பு வழியாகத்தான் இளம் தாவரவியலாளரின் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்குப் போனது.

இன்றைய மொழியில் சொன்னால் ‘ரெஃபரன்ஸ்’ மூலம் கிடைத்த வேலை. ஆனால் அந்த வேலைக்குத் தகுதியான ஆள் அப்போது ஆங்கிலேயரிடம் வேறு யாரும் இருந்ததாகவும் சொல்ல முடியாது. பிரிட்டனில் வனவியல் கற்றுத்தரும் பள்ளி ஒன்றுகூட இல்லை. அந்தப் படிப்பு அப்போது ஜெர்மனியிலும் பிரான்ஸிலும்தான் வளர்ந்திருந்தது.

தேக்குக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

கப்பல் கட்ட ஓக் மரம் போதாமல் போனபோது பிரிட்டன் தேக்கைத் தேடி வந்தது. மலபார் தேக்குக் காடுகள் முதலில் காலியாகின. 1826-க்குப் பிறகு கைக்கு வந்த பர்மாவின் தெனாசரிம் பகுதியைத் தனியார் வியாபாரிகள் சில பத்தாண்டுகளில் வெட்டித் தள்ளிவிட்டார்கள். 1852 போரில் பெகு பகுதி கிடைத்தது. அங்கும் அதே கதை நடந்தால் அடுத்து போக இடம் இல்லை. அதனால் 1855-ல் டல்ஹௌசி, பெகுவின் தேக்கு மரங்கள் அரசின் சொத்து என்று அறிவித்தார். மறு ஆண்டு ஜனவரியில் பிராண்டிஸ் அந்தக் காடுகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். வயது 31.

முதல் கேள்வி ரொம்ப எளிது: காட்டில் எத்தனை மரம் இருக்கு? யாருக்கும் தெரியாது. வரைபடம்கூடச் சரியாக இல்லாத மலைக்காடு. மழைக்காலத்தில் உள்ளே போக முடியாது. மலேரியா வேறு.

அவர் கண்டுபிடித்த வழி இது. காடு முழுவதையும் எண்ண முடியாது. பாதை, மலைமுகடு, ஓடை என்று ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போவது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரியும் தேக்கு மரங்களை மட்டும் எண்ணுவது. அதை வைத்து மொத்தக் காட்டுக்கும் கணக்குப் போடுவது. யானை மேல் போகும்போது ஈரத்தில் காகிதம் நிற்காது என்பதால், மூங்கில் துண்டுகளில் கத்தியால் கீறிக் கணக்கு வைத்துக்கொண்டார். மரத்தின் சுற்றளவை வைத்து நான்கு வகுப்பு. 6 அடியும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு. நாலரை அடியிலிருந்து 6 அடிக்குள் இரண்டாம் வகுப்பு. அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது. இன்று புள்ளியியல் வகுப்பில் ‘சாம்பிளிங்’ என்று படிப்பதன் காட்டு வடிவம்.

எண்ணிக்கை கிடைத்ததும் அடுத்த கேள்வி. வருஷத்துக்கு எத்தனை வெட்டலாம்?

இங்கேதான் அவருடைய முக்கியமான யோசனை வருகிறது. முதல் வகுப்பு மரங்களை மட்டுமே வெட்டுவது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. இன்று இரண்டாம் வகுப்பில் இருக்கும் மரங்கள் வளர்ந்து முதல் வகுப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும்? பெகுவில் அதை ஏறத்தாழ 24 ஆண்டு என்று கணித்தார். அப்படியானால் முதல் வகுப்பு மரங்களில் ஆண்டுக்கு 24-ல் ஒரு பங்குதான் வெட்ட வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு காட்டில் 24,000 பெரிய மரங்கள் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,000 வெட்டலாம். கடைசி மரம் விழும் நேரத்தில், அடுத்த 24 ஆண்டுக்கான மரங்கள் பின்னால் தயாராக நின்றிருக்கும். வங்கியில் அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது மாதிரி.

இன்று ‘சஸ்டெயினபிள்’ என்ற சொல் டூத்பிரஷ் வரைக்கும் ஒட்டப்பட்டுவிட்டது. காடு வளர்ப்பவர்களுக்கு அது வெறும் வகுத்தல் கணக்காகத்தான் தொடங்கியது. ஜெர்மன் வனவியல் இந்தக் கணக்கை ஒரே வயது மரங்களை வரிசையாக நட்ட காடுகளுக்காக வைத்திருந்தது. நூறு வகை மரங்களுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேக்கு நிற்கும் வெப்பமண்டலக் காட்டுக்கு அதைப் பொருத்திக் காட்டியது பிராண்டிஸின் சாதனை. இந்திய வனவியல் பாடப் புத்தகங்களில் ‘பிராண்டிஸ் முறை’ என்று இருப்பது இதுதான்.

வெட்டுவது என்றாலும் உடனே சாய்ப்பதில்லை. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு வளையமாகக் கொத்திவிட்டு, நின்ற இடத்திலேயே இரண்டு, மூன்று ஆண்டு காயவிடுவார்கள். பிறகு சாய்த்து, யானை வைத்து ஓடைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் ரங்கூனுக்கு மிதக்கவிடுவார்கள். ஆக, எந்த மரத்தில் வளையம் போடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்களோ, காடு அவர்கள் கையில். ரங்கூன் மர வியாபாரிகள் இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்தார்கள். 1860-களின் தொடக்கத்தில் அரசு இறங்கிவந்து தனியாரை உள்ளே விட்டது. பிராண்டிஸ் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வளையம் போடும் மரத்தைத் தேர்வு செய்வது வனத்துறையின் வேலையாகவே இருக்க வேண்டும் என்று நின்றார்.

கரேன் மக்களும் தேக்கு விதையும்

பெகு மலைகளில் கரேன் மக்கள் காட்டை வெட்டி, எரித்து, ஓரிரு ஆண்டு நெல் விதைத்து, பிறகு அடுத்த இடத்துக்குப் போவார்கள். இந்தப் பயிர்முறைக்கு பர்மிய மொழியில் ‘டாங்யா’ என்று பெயர். வனத்துறை பார்வையில் இது தேக்கை எரிக்கும் குற்றம். வழக்குகள் போட்டும் பார்த்தார்கள், பலன் இல்லை. காட்டைப் பற்றி அவர்களை விட அதிகம் தெரிந்தவர்கள் துறையில் இல்லை.

பிராண்டிஸ் வேறு வழி பார்த்தார். நெல் விதைக்கும்போதே நடுவில் தேக்கும் விதைக்கட்டும். அதற்குக் கூலி தரலாம். நெல் அறுத்துவிட்டுக் கரேன்கள் நகர்ந்ததும் அந்த இடம் தேக்குத் தோட்டமாக வளரும். அரசுக்குச் செலவு கம்மி. இந்த ‘டாங்யா’ முறை பிறகு இந்தியா, ஆப்பிரிக்கா என்று பல நாடுகளுக்குப் போனது. இன்று வேளாண் காடுகள் பற்றிய பாடங்களில் இதுதான் முதல் அத்தியாயங்களில் வரும்.

புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கரேன் குடும்பம் திரும்பி வந்து பயிர் செய்ய வேண்டிய நிலம், இப்போது அரசின் தேக்குத் தோட்டம். ஒவ்வொரு முறை விதைக்கும்போதும் அவர்கள் போகக்கூடிய காடு குறைந்தது. கூலி ஒரு தடவை கிடைத்தது. நிலம் திரும்ப வரவில்லை. வனத்துறை வரலாறு முழுக்கப் பின்னாலேயே வரப்போகும் சிக்கல் இது. காட்டைக் காப்பாற்றும் கணக்கில் காட்டுக்குள் இருப்பவரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆள் இல்லாத துறை

1862-ல் இந்திய அரசு அவரை ஆலோசனைக்கு அழைத்தது. ரயில் பாதை வேகமாகப் போய்க்கொண்டிருந்த காலம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைக்காக வடக்கே சால், தேவதாரு காடுகள் விழுந்துகொண்டிருந்தன. 1864-ல் இந்தியா முழுமைக்குமான வனத்துறை அமைந்தது. பிராண்டிஸ் முதல் தலைமை ஆய்வாளர் ஆனார். மறு ஆண்டே முதல் வனச் சட்டம் வந்தது.

அவருக்கு முன்னால் யாருமே எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1840-களிலேயே நிலம்பூரில் கலெக்டர் கொனோலியும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்டிருந்தார்கள். சென்னையில் பிறந்த மருத்துவர் ஹ்யூ கிளெக்ஹார்ன் 1856-லேயே சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலர் ஆகியிருந்தார். ஆனால் அப்போது வனத்துறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகள், மருத்துவர்கள். வேட்டையில் ஆர்வம் இருக்கும்; மரத்தின் வயதைக் கணக்கிடத் தெரியாது.

பிராண்டிஸ் முதலில் ஜெர்மனியிலிருந்து பயிற்சி பெற்ற இரண்டு பேரைக் கொண்டுவந்தார். ஒருவர் வில்லியம் ஷ்லிக், இன்னொருவர் பெர்த்தோல்ட் ரிப்பென்ட்ராப். இருவருமே பின்னாளில் அவருக்கு அடுத்தடுத்து அதே பதவிக்கு வந்தார்கள். ஷ்லிக் 1875-ல் தொடங்கிய ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழ் இன்றும் டேராடூனிலிருந்து வருகிறது.

அடுத்து, இந்திய வனப் பணிக்குத் தேர்வான ஆங்கிலேய இளைஞர்களைப் பிரான்ஸின் நான்சி நகர வனப் பள்ளிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிப் படிக்கவைக்கும் திட்டம். 1860-களின் கடைசியில் இது ஆரம்பித்தது. 1870-ல் பிரான்ஸும் பிரஷ்யாவும் போரில் இறங்கியதும் படிப்பு நடுவில் நின்றது. உலகிலேயே பெரிய பேரரசு, தன் காட்டு அதிகாரிகளை உருவாக்க வேறு நாட்டு வகுப்பறையை நம்பியிருந்தது. 1885-ல்தான் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் ஷ்லிக் தலைமையில் வனவியல் படிப்பு தொடங்கியது. 1905-ல் அது ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியது. அங்கே வனவியல் துறை வந்ததற்கே இந்தியாவின் தேவைதான் முதல் காரணம்.

டேராடூன் 1878

மேல் அதிகாரிகள் ஐரோப்பாவிலிருந்து வரட்டும், களத்தில் நிற்பவர்கள்? வனச்சரகர் இல்லாமல் எந்தத் திட்டமும் காகிதத்தைத் தாண்டாது. 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியது. சுற்றியிருந்த சால் காடுகளும் இமயமலை அடிவாரமும்தான் ஆய்வுக்கூடம். முதல் பொறுப்பாளர் கேப்டன் பெய்லி. தாவரவியல், நில அளவை, காடு வளர்ப்பு, வனச் சட்டம் என்று பாடங்கள். ஆண்டில் பெரும்பகுதி காட்டில் முகாம். இன்றும் இந்தியாவில் வனவியல் படிப்பு என்றால் வகுப்பறை பாதி, சுற்றுப்பயணம் பாதி என்றிருப்பதன் வேர் அங்கே.

இந்தப் பள்ளி யாருக்காக? இந்தியர்களுக்காக, ஆனால் ரேஞ்சர் நிலைக்காக. மேல் பதவிகள் ஐரோப்பாவில் படித்தவர்களுக்கு. இந்தியர்கள் பயிற்சி பெற்றுப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்பது பிராண்டிஸின் எண்ணம். அவர் இருந்த காலத்தில் அந்தப் படிகள் ரொம்ப உயரத்துக்குப் போகவில்லை.

அவர் தோற்ற வழக்கு

டேராடூன் பள்ளி வந்த அதே 1878-ல் இரண்டாவது வனச் சட்டமும் வந்தது. பிராண்டிஸ் வாழ்க்கையில் இன்றைக்கும் விவாதிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கேள்வி ஒன்றுதான்: காடு யாருடையது? மூன்று தரப்புகள் இருந்தன. பேடன்-பவல் என்ற பஞ்சாப் அதிகாரியின் கட்சி: கிராமத்தார் விறகு எடுப்பதும் மாடு மேய்ப்பதும் உரிமையே அல்ல, அரசர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட சலுகை, அரசு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதிர்முனையில் சென்னை மாகாண வருவாய் வாரியம். கிராமத்தாருக்கு உரிமை இல்லாத காடே எங்கள் மாகாணத்தில் கிடையாது, அதனால் இப்படிச் சட்டம் போட முடியாது என்று 1870-களில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. ஆங்கிலேய அரசின் ஒரு அலுவலகமே இப்படி எழுதியது என்பதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். வரி வசூலிக்கிறவர்களுக்கு விவசாயியின் மாட்டுக்குப் புல் வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பிராண்டிஸ் இரண்டுக்கும் நடுவில் நின்றார். முக்கியமான காடுகளை அரசு எடுத்துக் கண்டிப்பாகக் காக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலம் காலமாக மக்கள் அனுபவித்து வந்ததை உரிமையாகவே மதிக்க வேண்டும்; எடுத்த காட்டுக்குப் பக்கத்திலேயே கிராமங்கள் தாங்களே நிர்வகிக்கும் கிராமக் காடுகளும் பரவலாக இருக்க வேண்டும் என்றார். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் ஊர்ப் பொதுக்காடுகள் நன்றாகப் பராமரிக்கப்படுவதை அவர் பார்த்திருந்தார். இந்தியாவில் கோயில் காடுகளைப் போன இடமெல்லாம் கவனித்துக் குறித்துவைத்தார். குடகு மலையின் தேவர காடுகளும், அன்றைய சேலம் மாவட்ட மலைகளின் சாமிக் காடுகளும் அந்தக் குறிப்புகளில் உண்டு. அரசாங்கம் சொல்லாமலே மக்கள் காத்த காடுகள் என்பதை அவர் கவனிக்கத் தவறவில்லை.

சட்டம் பெரும்பாலும் பேடன்-பவல் பக்கம் சாய்ந்தது. காடுகள் மூன்று வகையாயின: காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, கிராமக் காடு. மூன்றாவது வகை சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது. தரையில் அநேகமாக வரவே இல்லை. துறையின் தலைவர் சொல்லியும் நடக்கவில்லை. ராமச்சந்திர குஹா போன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த மூன்று தரப்பு விவாதத்தைத்தான் இந்திய வனக் கொள்கையின் திருப்புமுனையாகக் காட்டுகிறார்கள்.

அவரை மக்கள் பக்கம் நின்ற நாயகனாக்கிவிடவும் வேண்டாம். அரசின் பிடியை நாடு முழுக்கக் கொண்டுபோன இயந்திரத்தைக் கட்டியவர் அவர்தான். ஸ்லீப்பர் கட்டையும் வருமானமும் வராமல் இருந்திருந்தால் அந்தத் துறையை யாரும் வாழவிட்டிருக்க மாட்டார்கள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

சென்னைக்கு வந்தவர்

1878 சட்டத்தைச் சென்னை மாகாணம் ஏற்க மறுத்தது. மாகாண வனத்துறையைச் சீரமைக்க யோசனை சொல்ல, 1881-ல் பிராண்டிஸே இங்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு மாகாணம் முழுக்கச் சுற்றினார். 1882-ல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. கவனிக்க: தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருப்பது அந்தச் சட்டம்தான். பெயர் ‘தமிழ்நாடு வனச் சட்டம், 1882’. ஏற்காடு ரோட்டிலோ சத்தியமங்கலம் பக்கமோ ‘காப்புக்காடு, அத்துமீறி நுழையாதீர்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் நிற்கும் சட்டம் 140 வயதைத் தாண்டியது.

கிராமத்துக்கு அருகில் விறகுக்கும் தீவனத்துக்கும் தனியாகக் காடு ஒதுக்க வேண்டும் என்பதும் அவர் யோசனைகளில் இருந்தது. நடைமுறையில் காப்புக்காட்டின் எல்லை வேகமாகப் போனது. கிராமத்துக்கான பங்கு பின்தங்கியது. மேய்ச்சல் கட்டணம், விறகுக்கு அபராதம், ரேஞ்சரைக் கண்டால் பயம் என்று கிராமங்களுக்கு வனத்துறை அறிமுகமானது. 1921-ல் குண்டூர் மாவட்டம் பல்நாட்டில் விவசாயிகள் மேய்ச்சல் கட்டணம் கட்ட மறுத்து வன சத்தியாகிரகம் நடத்தினார்கள். அன்று அதுவும் சென்னை மாகாணம்தான்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு அமெரிக்க மாணவன்

1883-ல் ஓய்வு பெற்று பானுக்குத் திரும்பினார். ரேச்சல் 1863-லேயே காலமாகிவிட்டார். 1867-ல் காத்தரினா ஹாஸே என்பவரை மணந்திருந்தார். 59 வயது. வேலை நிற்கவில்லை. கூப்பர்ஸ் ஹில்லில் படிக்கும் மாணவர்களை வருஷா வருஷம் ஐரோப்பியக் காடுகளுக்குக் கூட்டிப்போய், மரத்துக்கு மரம் நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

1889-ல் அவர் வாசலில் வந்து நின்றவன் கிஃபோர்ட் பின்ஷோ. யேல் பட்டதாரி, பணக்கார வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் வனவியல் படிக்க ஒரு கல்லூரிகூட இல்லாத காலத்தில் அதையே தொழிலாக எடுக்க வேண்டும் என்று பிடிவாதம். பிராண்டிஸ் அவனை நான்சிக்கு அனுப்பினார், சுவிட்சர்லாந்து நகரக் காடுகளைப் பார்க்கச் சொன்னார், தன் மாணவர் சுற்றுப்பயணத்திலும் சேர்த்துக்கொண்டார். இன்னும் இரண்டு வருஷமாவது இருந்து ஒழுங்காகப் படி என்றார். பின்ஷோ கேட்கவில்லை, 1890 கடைசியில் ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

அவசரக்காரன்தான். ஆனால் 1905-ல் அமெரிக்க வனத்துறை உருவானபோது அதன் முதல் தலைவர் அவர். 1900-ல் யேல் பல்கலைக்கழகத்தில் வனப் பள்ளி தொடங்கப் பணம் கொடுத்தது அவர் குடும்பம். அந்தப் பள்ளியில் 1909-ல் பட்டம் பெற்றவர்தான் ஆல்டோ லியோபோல்ட். வட கரோலினாவின் பில்ட்மோரில் 1898-ல் வனப் பள்ளி நடத்திய கார்ல் ஷென்க்கை அமெரிக்காவுக்குப் பரிந்துரைத்தவர்களில் பிராண்டிஸும் ஒருவர். அமெரிக்காவில் அவர் கால் வைத்ததில்லை. அந்த நாட்டின் வனவியல் கல்வியில் பர்மாத் தேக்குக் காட்டின் அனுபவம் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

கடைசி ஆண்டுகள் ஒரே புத்தகத்துக்குப் போயின. ‘இந்தியன் ட்ரீஸ்’. இந்தியத் துணைக்கண்டத்தின் மரங்கள், புதர்கள், கொடிகள், மூங்கில்கள் என 4,400-க்கும் மேற்பட்ட இனங்களின் விவரம். களத்தில் நிற்கும் ரேஞ்சர் கையில் வைத்துப் பார்த்து மரத்தை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக எழுதியது. 1906-ல் வெளிவந்தபோது அவருக்கு 82 வயது. அதே ஆண்டில் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கியது. 1907 மே 28-ல் பானில் காலமானார். குடகில் தோட்டத்தில் வளர்க்கிறார்களே முள்ளில்லாத பெரிய மூங்கில், அதன் அறிவியல் பெயரின் கடைசிச் சொல் ‘பிராண்டிசை’.

இன்று இந்தப் படிப்பும் வேலையும்

டேராடூன் பள்ளியின் வழிவந்த வன ஆராய்ச்சி நிறுவனம் 1991 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். முதுநிலை, ஆய்வுப் படிப்புகள் உண்டு. சுதந்திரத்துக்கு முன்பே ஆள் எடுப்பது நின்றுபோயிருந்த அகில இந்திய வனப் பணி 1966-ல் மீண்டும் வந்தது. தேர்வானவர்களுக்குப் பயிற்சி டேராடூனின் இந்திரா காந்தி தேசிய வன அகாடமியில்தான். தமிழ்நாட்டில் இளநிலை வனவியல் படிக்க மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. கோவையில் 1912-ல் சென்னை மாகாணத்துக்காகத் தொடங்கிய வனக் கல்லூரி வளாகம், இன்று மாநில வன அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் மத்திய அகாடமி.

ஐஎஃப்எஸ் எழுத வனவியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது படித்த பட்டதாரிகள், வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டதாரிகள் எழுதலாம். பொதுப் பிரிவுக்கு வயது 21 முதல் 32 வரை. முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ் தேர்வோடு சேர்ந்ததே. மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் பதவிகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. வேலை என்று பார்த்தால் அரசு மட்டும்தான் என்பதும் பழைய கதை. காகித ஆலைகளின் தோட்டக் காடுகள், செயற்கைக்கோள் படம் வைத்துக் காட்டை அளக்கும் நிறுவனங்கள், கார்பன் கணக்குப் போடும் ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் இப்போது வனவியல் பட்டதாரிகளைத் தேடுகின்றன. மரத்தைச் சாம்பிளில் எண்ணி மொத்தத்தைக் கணிப்பதுதான் அங்கேயும் அடிப்படை.

பயிற்சி முடிந்து போஸ்டிங் வாங்கும் அதிகாரியின் மேசையில் இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். ஒன்று, கோட்டத்தின் பத்தாண்டு வேலைத் திட்டம், அதாவது ‘ஒர்க்கிங் பிளான்’: எத்தனை மரம், எந்த வயது, எங்கே நடுவது, எங்கே தொடக் கூடாது. இன்னொன்று, 2006 வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபைகள் அனுப்பும் மனுக்கள். மேய்ச்சல், சிறு வன மகசூல், ஊர்க் காட்டைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமை ஆகியவற்றைக் கேட்டு வருபவை. அவற்றைப் பரிசீலிக்கும் உட்கோட்ட, மாவட்டக் குழுக்களில் வனத்துறை அதிகாரியும் ஓர் உறுப்பினர்.